வெந்தயமும் இரத்தக் கொழுப்பும்

வெந்தயம் பயறுக் குடும்பத்துச் செடி ஒன்றின் விதை. கடலை, உளுந்து, கொத்தவரை எல்லாம் இதற்கு உறவு. தாவரவியலில் இதற்கு டிரைகோனெல்லா ஃபீனம்-கிரேக்கம் என்று பெயர். அதன் பின்பகுதிக்குக் கிரேக்க வைக்கோல் என்பது பொருள். எகிப்திய அரசன் துத்தன்காமனின் கல்லறையிலும் இந்த விதை கிடைத்திருக்கிறது. இந்தியாவில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகிய மாநிலங்களில் பெருமளவு விளைகிறது. தமிழ்ச் சமையலில் இட்லி மாவு, வற்றல் குழம்பு, ஊறுகாய், யாழ்ப்பாணத்துச் சொதி, நோன்புக் கஞ்சி என்று எங்கும் வெந்தயம் உண்டு. வயிற்றுச் சூட்டுக்கு மோரோடு விழுங்குவதும், கோடையில் களி கிண்டிச் சாப்பிடுவதும் பழைய வழக்கம்.

இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற பெயர் வெந்தயத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தப் பெயருக்கு ஆதாரம் உண்டு. ஆனால் ஆய்வுகளில் பலன் தந்த வெந்தயத்தின் அளவுக்கும் வீடுகளில் வயிற்றுக்குள் போகும் அளவுக்கும் இடைவெளி மிகப் பெரியது. ஒரு சிட்டிகைத் தாளிப்பையும் ஒரு டம்ளர் வெந்தயத் தண்ணீரையும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுவது வெந்தயம் இல்லை. அளவு பற்றிய அறியாமைதான். வெந்தயம் எப்படி வேலை செய்கிறது, எந்த அளவில் செய்கிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்ற மூன்றும் தெரிந்தால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

விதைக்குள் இருப்பது

காய்ந்த வெந்தயத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. கால் பங்கு புரதம். கொழுப்பு நூற்றுக்கு ஆறேழு பங்குதான். இந்த நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. தண்ணீரில் கரையாத நார் மலத்துக்குப் பருமன் தரும். கரையும் நார் தண்ணீரை உறிஞ்சிப் பிசினாகும். இரவில் ஊறப்போட்ட வெந்தயத்தைக் காலையில் விரலால் தொட்டால் வழவழப்பது இந்தப் பிசின்தான். வேதியியலில் இதற்கு கேலக்டோமேனன் என்று பெயர். கேலக்டோஸ், மேனோஸ் என்ற இரு சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உண்டானது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் இதே இனம். குவாரில் இரண்டு மேனோஸுக்கு ஒரு கேலக்டோஸ் என்ற விகிதம். வெந்தயத்தில் அது ஒன்றுக்கு ஒன்று. அதனால் வெந்தயப் பிசின் தண்ணீரில் எளிதாகக் கரைகிறது.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது சப்போனின்கள். பூந்திக்கொட்டையை நுரைக்க வைப்பதும் சப்போனின்தான். வெந்தயத்தில் உள்ளவை ஸ்டீராய்டு வகைச் சப்போனின்கள்; அவற்றின் கசப்பை நாக்கு உடனே அறியும். இவை தவிர, 4-ஹைட்ராக்சி ஐசோலியூசின் என்ற அமினோ அமிலம் வெந்தயத்தில் இருக்கிறது. அது கணையத்திலிருந்து இன்சுலின் சுரப்பதைத் தூண்டுகிறது. நீரிழிவுக்கு வெந்தயம் பேசப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லீரலும் பித்தமும்

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. உணவிலிருந்து வருவது சிறுபகுதி. கொலஸ்ட்ரால் தனியாக இரத்தத்தில் மிதக்காது, புரதத்தோடு சேர்ந்த பொதிகளாகவே பயணிக்கும். எல்.டி.எல். பொதி அதிகமானால் இரத்தக் குழாய்ச் சுவரில் படியும். அதனால் அது கெட்ட கொழுப்பு என்று பெயர் வாங்கியது. எச்.டி.எல். பொதி திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவரும். டிரைகிளிசரைடு என்பது ஆற்றலைச் சேமிக்கும் வேறு வகைக் கொழுப்பு. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய மக்களிடம் டிரைகிளிசரைடு கூடியும் எச்.டி.எல். குறைந்தும் இருக்கும் அமைப்பு அதிகமாகக் காணப்படுகிறது.

கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. அவை பித்தநீரோடு சிறுகுடலுக்கு வந்து, உணவுக் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்துச் செரிக்க உதவுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. ஒரே பித்த அமிலம் ஒரு நாளில் பல தடவை இப்படிச் சுற்றிவருகிறது. உடலின் சிக்கனம் அது.

வெந்தயம் கை வைப்பது இந்தச் சுற்றில்தான். குடலுக்குள் பிசின் கூழாகப் பரவும்போது பித்த அமிலங்கள் அதில் சிக்குகின்றன. சப்போனின்களும் பித்த அமிலங்களோடும் கொலஸ்ட்ராலோடும் சேர்ந்து, குடல் உறிஞ்ச முடியாத பெரிய திரள்களாகின்றன. திரும்பிப் போக வேண்டியதில் ஒரு பங்கு மலத்தோடு வெளியேறிவிடுகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கல்லீரல் புதிதாகப் பித்த அமிலம் செய்ய வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். கல்லீரல் செல்கள் தம் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூட்டி, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து கொலஸ்ட்ராலின் ஒழுங்குமுறையை விளக்கியதற்காகத்தான் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொலஸ்டிரமின் என்ற பழைய மருந்தும் இதே வழியில்தான் செயல்படுகிறது. வெந்தயம் அதே வேலையை மென்மையாகச் செய்கிறது.

இந்த விளக்கத்திலிருந்து நடைமுறைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பிசின் குடலுக்குள் போதிய அளவு போய்ச் சேர வேண்டும்; சிட்டிகை போதாது. பித்தநீர் உணவின்போதே குடலில் கொட்டுவதால் வெந்தயமும் உணவோடோ உணவுக்குச் சற்று முன்போ உள்ளே போவது பொருத்தம். வெறும் வயிற்றில் சாப்பிட்டால்தான் பலன் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை.

ஆய்வுகள் காட்டியது

1984இல் பிரான்ஸின் மொன்பெலியே நகர ஆய்வாளர்கள் நாய்களுக்கு வெந்தயத்தைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். விதையின் எண்ணெய்ப் பகுதியில் பலன் இல்லை. எண்ணெய் நீக்கிய சக்கைதான் கொலஸ்ட்ராலைக் குறைத்தது. 1993இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் சப்போனின் மிகுந்த வெந்தயச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் குறைந்தது. அந்தச் சாறு பித்த உப்புகள் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதையும் கண்டார்கள்.

மனிதர்களிடம் செய்த முக்கியமான வேலை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்தது. அங்கே ஆர்.டி. சர்மாவும் அவருடைய குழுவினரும் 1980களிலும் 1990களிலும் வெந்தயத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1990இல் வெளியான ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குப் பத்து நாள்கள் தினமும் 100 கிராம் எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடியை ரொட்டியில் கலந்து, மதியமும் இரவுமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றும் குறைந்தன. எச்.டி.எல். மாறவில்லை. நல்லதைத் தொடாமல் கெட்டதைக் குறைத்தது என்பது இதில் மதிக்கத்தக்க செய்தி. ஆனால் நாளொன்றுக்கு 100 கிராம் என்பது எந்த வீட்டிலும் நடக்காத காரியம். பின்னர் 1996இல் வெளியான ஆய்வில் அளவை 25 கிராமாக இறக்கி, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 60 பேருக்கு 24 வாரங்கள் கொடுத்தபோதும் கொழுப்பு அளவுகள் இறங்கின.

சர்மாவின் குழு 1986இல் செய்த இன்னொரு சோதனை, இரத்தச் சர்க்கரையைப் பற்றியது என்றாலும், இங்கே பயன்படும். முழு விதை, வேகவைத்த விதை, பிசின் மட்டும், பிசின் நீக்கிய விதை, சமைத்த வெந்தயக்கீரை ஆகியவற்றைத் தனித்தனியே ஒப்பிட்டார்கள். முழு விதையும் வேகவைத்த விதையும் பிசினும் சர்க்கரை ஏறுவதைக் குறைத்தன. பிசின் நீக்கிய விதையும் கீரையும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. வெந்தயக்கீரை நல்ல கீரைதான். ஆனால் விதை செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. வேகவைத்தாலும் பிசினின் குணம் கெடுவதில்லை என்பது சமைப்பவர்களுக்கு நல்ல சேதி.

குறைந்த அளவில் என்ன ஆகும் என்பதை உதய்ப்பூர் மருத்துவர்களின் 1997ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. காலையும் மாலையும் 2.5 கிராம் வெந்தயம், மூன்று மாதம். இதயத் தமனி நோயோடு நீரிழிவும் உள்ளவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறைந்தன. அதே அளவை அதே காலம் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களின் இரத்தக் கொழுப்பில் மாற்றமே இல்லை. ஈரானில் 2009இல் வெளியான ஒரு சிறு ஆய்வும் பேசத்தக்கது. தினமும் 10 கிராம் வெந்தயத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சாப்பிட்ட நீரிழிவு நோயாளிகளுக்கு எட்டு வாரத்தில் டிரைகிளிசரைடு குறைந்தது. தயிரில் கலந்து சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலர் என்பதால் இதை விதியாக்க முடியாது. ஆனாலும் ஊறிப் பிசினாவது முக்கியம் என்ற கருத்தோடு அது ஒத்துப்போகிறது. ஆந்திரத்தில் முளைகட்டிய வெந்தயத்தைப் பொடித்துக் கொடுத்துப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு மாதத்துக்குத் தினமும் 18 கிராம் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் குறைந்தன, 12.5 கிராமில் அந்த அளவு பலன் கிட்டவில்லை.

இந்த ஆய்வுகளின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை சில பத்துப் பேரிடம் நடந்தவை, காலம் குறுகியவை. கசப்பும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடுவதால், வெந்தயம் எது, போலி எது என்று தெரியாமல் கொடுத்துச் சோதிப்பதும் கடினம். மாரடைப்பையோ பக்கவாதத்தையோ வெந்தயம் தடுக்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்: போதிய அளவில், சில வாரங்கள் விடாமல் சாப்பிட்டால் வெந்தயம் கொலஸ்ட்ராலை மிதமாகக் குறைக்கிறது, நீரிழிவும் கொழுப்பும் சேர்ந்து உள்ளவர்களிடம் அது தெளிவாகத் தெரிகிறது, கொழுப்பு அளவு ஏற்கெனவே சரியாக உள்ளவர்களிடம் அநேகமாகத் தெரிவதே இல்லை. ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்.டி.எல்.லை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பங்கு வரை இறக்குகின்றன. வெந்தயம் அந்தப் பக்கத்திலேயே வராது.

எவ்வளவு சாப்பிடுவது

தலைதட்டிய ஒரு தேக்கரண்டி முழு வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம். ஒரு மேசைக்கரண்டி 11 கிராம். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வழக்கங்களை எடைபோட்டால் உண்மை விளங்கும்.

நான்கு ஆழாக்கு அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வெந்தயம் போட்டு அரைத்த இட்லி மாவைக் குடும்பமே இரண்டு நாள் சாப்பிடுகிறது. ஒருவருக்குப் போவது ஒரு கிராம்கூட இல்லை. தாளிப்பில் விழுவது அதைவிடச் சொற்பம். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயம் சேர்த்து அரைத்த வெந்தய தோசை மாவில் பன்னிரண்டு தோசை வருமானால், ஒரு தோசைக்கு இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூன்று தோசை சாப்பிட்டால் ஐந்து கிராமைத் தாண்டும். அது பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு. வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம் மூன்றையும் 250, 100, 50 கிராம் என்ற கணக்கில் வறுத்துப் பொடித்து, இரவில் ஒரு தேக்கரண்டி வெந்நீரில் குடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது. அந்தக் கரண்டியில் வெந்தயம் இரண்டு கிராம் அளவே இருக்கும். உடம்பில் சேர்ந்த கொழுப்பையெல்லாம் அது கழுவிவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

வெந்தயத் தண்ணீரின் கதையும் அதுபோலத்தான். இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறார்கள். தண்ணீரில் இறங்குவது பிசினில் ஒரு சிறு பங்கு. பெரும்பங்கு விதைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரைக் குடிப்பவர் விதையையும் மென்று சாப்பிட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் சாப்பிட முடியும் என்றால் விதையைச் சாப்பிடுவது நல்லது.

பலனை எதிர்பார்த்துச் சாப்பிடுபவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் என்பது நடைமுறைக்கு ஏற்ற தொடக்க இலக்கு. உடல் ஏற்றுக்கொண்டால், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, 20 முதல் 25 கிராம் வரை போகலாம். முதல் நாளே முழு அளவை எடுத்தால் வயிறு உப்பும், வாயு பிரியும், சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய நாருக்குப் பழக அவகாசம் வேண்டும். முதல் வாரம் ஒரு தேக்கரண்டி, இரண்டாம் வாரம் காலையும் இரவும் ஒவ்வொரு தேக்கரண்டி, மூன்றாம் வாரம் ஒரு மேசைக்கரண்டியை இரண்டு வேளைக்குப் பிரித்து என்று ஏற்றிப்போவது நல்ல முறை. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். காய்ந்த பொடியை அப்படியே வாயில் போட்டுக்கொள்வது ஆபத்து. அது தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். முழு விதையை மெல்லாமல் விழுங்கினால் தோல் கெட்டியாக இருப்பதால் ஒரு பகுதி அப்படியே வெளியேறிவிடும்.

சமைத்துச் சாப்பிடும் வழிகள்

ஊறவைத்துச் சாப்பிடுவதுதான் எளிது. இரவில் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தைக் கழுவி, அரை டம்ளர் நீரில் போட்டு மூடிவைத்தால் காலையில் உப்பி மிருதுவாகும். காலை உணவோடு மென்று, மிச்ச நீரையும் குடித்துவிடலாம்.

முளைகட்டினால் கசப்பு பெருமளவு குறையும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். வழவழப்பு மிகுதியாக இருந்தால் கெட்டுப்போகும் என்பதால் நாளுக்கு இரண்டு தடவை கழுவி வடிப்பது அவசியம். வெயில் காலத்தில் ஒன்றரை நாளில் முளை விடும். வெங்காயம், எலுமிச்சைச் சாறு, சிறிது உப்புச் சேர்த்தால் கசப்பு அநேகமாகத் தெரியாது. பாசிப்பயறு முளையோடு கலந்து சாப்பிடுவது குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும் ஒத்துவரும்.

சப்பாத்தி சாப்பிடுபவர்களுக்கு ஐதராபாத் ஆய்வின் வழியே சிறந்த வழி. வெந்தயத்தைக் கருகாமல் இளவறுப்பாக வறுத்துப் பொடித்து, ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு கோதுமை மாவு என்று கலந்து பிசைந்தால் கசப்பு தாங்கும் அளவில் இருக்கும். 100 கிராம் கோதுமை மாவில் 10 கிராம் வெந்தயம் அடங்கிவிடும். அடை மாவிலும் இதே கணக்கு. மோரில் ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்துக் குடிப்பது கோடைக்கு இதம்.

வெந்தயக் களி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியும் வெந்தயமும் ஊறவைத்து அரைத்துக் கிண்டும் களியில் வெந்தயத்தின் அளவு நன்றாகவே இருக்கும். அந்த வகையில் பாட்டிமார் செய்தது சரியான கணக்கு. ஆனால் நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டிப் பாகு விட்டுச் சாப்பிடும்போது, சர்க்கரையும் ஆற்றலும் ஏறிவிடுகின்றன. டிரைகிளிசரைடு கூடியிருப்பவர்களுக்கு இனிப்பு பெரிய எதிரி. அவர்கள் கருப்பட்டியைத் தவிர்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு நிறுத்தி, உப்புக் களியாகச் சாப்பிடலாம். வற்றல் குழம்பில் வெந்தயம் போட்டுவிட்டு எண்ணெய் மிதக்க விடுவதும், நெய் வழிய வெந்தய தோசை வார்ப்பதும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

நீரிழிவுக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் வெந்தயத்தை அளவாகச் சாப்பிடத் தொடங்கினால் இரத்தச் சர்க்கரை எதிர்பார்த்ததைவிடத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் சர்க்கரை அளந்து பார்ப்பதும், மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுவதும் கட்டாயம். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். தோல் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

கர்ப்பிணிகள் குழம்பில் சேரும் அளவைத் தாண்டி மருந்தளவில் வெந்தயம் சாப்பிடக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு என்று கருதப்படுகிறது. பிரசவத்துக்குச் சற்று முன் தாய் வெந்தயம் மிகுதியாகச் சாப்பிட்டிருந்தால் பிறந்த குழந்தையின் சிறுநீரில் ஒரு இனிய வாசனை வரும். அது ஓர் அரிய பிறவி நோயின் வாசனையை ஒத்திருப்பதால் வீண் பயத்துக்கு இடமாகும். அந்த வாசனைக்குக் காரணமான சோட்டோலோன் என்ற பொருள் பெரியவர்களின் வியர்வையிலும் வரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பிசின் பித்த அமிலத்தைப் பிடிப்பதுபோல மாத்திரைகளையும் பிடித்து, அவை உறிஞ்சப்படுவதைத் தாமதிக்கக்கூடும். தைராய்டு மாத்திரை உட்பட எந்த மருந்துக்கும் வெந்தயத்துக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளியாவது விடுவது நல்லது.

வெந்தயத்தை மட்டும் நம்பக் கூடாதவர்களும் உண்டு. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே இதயநோய் கண்டவர்கள் ஆகியோருக்கு மாத்திரையே அடிப்படைச் சிகிச்சை. வெந்தயம் துணைக்கு வரலாம், இடத்தைப் பிடிக்கக் கூடாது. டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உள்ளதால் தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைவாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அப்போது தைராய்டைச் சரிசெய்யாமல் எந்த விதையைச் சாப்பிட்டும் பயனில்லை.

வெந்தயத்தின் கசப்பு ஒத்துவராதவர்களுக்கு இசப்கோல் இருக்கிறது. அதுவும் ஒரு விதையின் மேல்தோல்தான், அதே பிசின் வழியில்தான் வேலை செய்கிறது, அதற்கு ஆய்வு ஆதாரம் வெந்தயத்துக்கு உள்ளதைவிட வலுவானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல், நாளொன்றுக்கு 7 கிராம் கரையும் நார் தரும் அளவு இசப்கோல் தோல், கொழுப்புக் குறைந்த உணவோடு சேர்ந்து இதயநோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று விளம்பரப்படுத்த அனுமதித்தது. வெந்தயத்துக்கு அப்படியொரு அனுமதி இல்லை. கொலஸ்ட்ரால் மட்டுமே கவலை என்றால் இசப்கோல் முந்துகிறது. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த கவலை என்றால் வெந்தயத்துக்கு மதிப்புக் கூடுகிறது.

அளந்து பார்ப்பது

வெந்தயம் பலன் தருகிறதா என்பதை உடல் உணர்வால் அறிய முடியாது. கொலஸ்ட்ரால் ஏறினாலும் வலிக்காது, இறங்கினாலும் தெரியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. தொடங்குமுன் ஒரு முறை, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் கழித்து ஒரு முறை, அதே ஆய்வகத்தில், ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் மாத்திரை, எடை, உணவு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் குறைந்தது என்று சொல்ல முடியாமல் போகும்.

பொதுவாக மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குக் கீழும், எல்.டி.எல். 100க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150க்குக் கீழும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கு மேலும் பெண்களுக்கு 50க்கு மேலும் இருப்பது விரும்பத்தக்கது. இதயநோய் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். இலக்கு இன்னும் தாழ்ந்தது. அதை மருத்துவர்தான் சொல்வார். பல ஆய்வகங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை; மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது நேரடி அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒருவருக்கே இரண்டு வெவ்வேறு நாள்களில் எடுத்தால் கொலஸ்ட்ரால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை இயல்பாகவே மாறும். ஆகையால் 210 இருந்தது 202 ஆனதை வெந்தயத்தின் வெற்றி என்று எழுதிவிட முடியாது. தெளிவான இறக்கம் தெரிந்தால் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்துகொண்டு தொடரலாம். பன்னிரண்டு வாரம் தினமும் 10 கிராமோ அதற்கு மேலோ முறையாகச் சாப்பிட்டும் எண்கள் அசையவில்லை என்றால், அந்த உடலுக்கு வெந்தயம் குழம்புக்குப் போதும். கொழுப்புக்கு மருத்துவர் சொல்லும் வழியைப் பின்பற்ற வேண்டும்.